திருவேங்கடம் வட்டாரத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றின் இன்பாக்ஸ்: ஓர் ஆய்வு

இயல் 1: ஆய்வின் தேவை

தலைப்பின் கடைசியில் 'ஓர் ஆய்வு' என்று சேர்த்துவிட்டால் தமிழில் எந்தப் பொருளும் பட்டத்துக்கு உரியதாகிவிடும். கோலம், கும்மி, குலதெய்வம், வட்டார வசவு எல்லாம் இப்படித்தான் கரையேறின. இன்பாக்ஸ் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தக் குறையைப் போக்குவது இக்கட்டுரையின் முதன்மை நோக்கம். மேற்படி ஆபீசில் மெயில் கொஞ்சம் சீக்கிரம் திறக்கவேண்டும் என்பது துணைமை நோக்கம்.

ஆய்வுச் சிக்கல் வருமாறு. காலையில் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரைப் போட்டு மெயிலைத் திறக்கிறார். வட்டம் சுற்றுகிறது. எழுந்துபோய்ச் சாமி படத்துக்குப் பூ வைத்து, பத்தி கொளுத்தி, எதிர்க்கடையில் டீ குடித்து, அங்கே கிடக்கும் பேப்பரில் ராசிபலன் முடிய வாசித்துவிட்டு வருகிறார். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மேல்பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்திருக்கிறது. "இது செத்துட்டா, இல்ல தூங்குதா?" என்கிறார் (வாய்மொழி). இதுவே நமது ஆய்வு வினா.

இயல் 2: ஆய்வு எல்லை

எல்லை வகுக்காமல் ஆய்வு செய்வது மரபன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. அது திருப்பதி மலை என்றே இதுவரை எல்லாரும் எழுதிவந்திருக்கின்றனர். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலும் ஒரு திருவேங்கடம் இருப்பதை அவர்கள் ஏன் கண்டுகொள்ளவில்லை என்பது ஆய்வுக்குரியது. இந்த வேங்கடத்தை வட எல்லையாகக் கொண்டால் சங்கம் வைத்த மதுரையே தமிழ்நிலத்துக்கு வெளியே போய்விடும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். போகட்டும். இதைவிடக் குறைந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு இதைவிடப் பெரிய எல்லைகளை நகர்த்தியவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம்.

காலக்கணிப்புக்கும் இங்கே நல்ல ஆதாரம் உண்டு. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. திருவேங்கடம் இன்று அம்மாவட்டத்தின் எட்டு வட்டங்களுள் ஒன்று. ஆகவே ஒரு மெயிலின் அடியில் 'சங்கரன்கோவில் தாலுகா, திருநெல்வேலி மாவட்டம்' என்று முகவரி இருந்தால் அது 2019 நவம்பருக்கு முற்பட்டது என்று துணிந்து சொல்லலாம். போன வாரம் இந்த ஆபீசிலிருந்து போன மெயிலிலும் அப்படித்தான் இருக்கிறது. எனவே அதுவும் 2019க்கு முற்பட்டதே. மெயிலின் தலையில் உள்ள தேதி பிற்கால இடைச்செருகல் என்க.

இயல் 3: முன்னோடி ஆய்வுகள்

இல்லை. இருந்திருந்தால் மறுத்திருப்போம்.

இயல் 4: மின்னஞ்சலின் பிறப்பிடம்

1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் ஆர்பாநெட் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். கணினி வரலாற்றாசிரியர்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றனர். இதை ஏற்காத ஒருவர் உண்டு. வி.ஏ. சிவா அய்யாதுரை 1978இல், பதின்வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்வி நிறுவனத்துக்காக 'இமெயில்' என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதினார். 1982இல் அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். மின்னஞ்சலைக் கண்டுபிடித்தவர் தாமே என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் ஒப்பவில்லை.

நமக்கு அந்த வழக்கில் அக்கறை இல்லை. அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் ராஜபாளையம் பக்கத்து முகவூர் என்பதில்தான் அக்கறை. முகவூரிலிருந்து திருவேங்கடத்துக்கு ஒரு காலை நேரத்தில் போய்த் திரும்பிவிடலாம். எனவே மின்னஞ்சல் திருவேங்கட வட்டாரத்தின் கொடை என்று நிறுவப்படுகிறது. மேலும் ஆதாரம் கேட்பவருக்கு: ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இதே மாவட்டத்து மத்தளம்பாறையில் இயங்குகிறது, மத்திய அரசு ஊழியர்களின் சுமார் 12 லட்சம் மெயில் கணக்குகள் அந்த நிறுவனத்தின் தளத்துக்கு மாறியிருக்கின்றன. மத்தளம்பாறையும் திருவேங்கடமும் ஒரே கலெக்டருக்குக் கீழே வருகின்றன. இதற்குமேல் என்ன வேண்டும்?

இயல் 5: நால்வகை நிலை

எதையும் நான்காகவோ ஐந்தாகவோ பிரித்தால்தான் ஆய்வாளன் மனம் ஆறும். இங்கே அந்த வேலையை மைக்ரோசாஃப்டே முடித்துவைத்திருக்கிறது. பெயர் வைப்பது மட்டும் நம் பங்கு. அவுட்லுக் தன் மெயில் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாகக் கட்டி வைக்கிறது. அது 5 ஜிபி வரை இருந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் தொந்தரவில்லை. இதை 'நலம்' என்போம். 5 முதல் 10 வரை கம்ப்யூட்டரின் தகுதியைப் பொறுத்தது; இது 'ஜாதகம்'. 10 முதல் 25 வரை அநேகமாக எந்தக் கம்ப்யூட்டரும் அங்கங்கே நின்று மூச்சுவாங்கும், இது 'இளைப்பு'. 25ஐத் தாண்டினால் நிற்பதுதான் வழக்கம், நடப்பது விதிவிலக்கு, இது 'தியானம்'. நாம் ஆராயும் கோப்பு தியானத்தில் இருக்கிறது.

கொள்ளளவின் வரலாறும் சுவையானது. அவுட்லுக் 2002 வரை இந்தக் கோப்பு 2 ஜிபிக்குமேல் போக முடியாது. 2003இல் வரம்பு 20 ஆயிற்று, 2010இல் 50. பானையைப் பெரிதாக்கினால் அரிசி மிஞ்சும் என்று நினைத்தார்கள்.

கோப்பின் எடை ஒரு பக்கம். தலைக்கட்டு எண்ணிக்கை இன்னொரு பக்கம். ஒரு ஃபோல்டரில் ஒரு லட்சம் மெயிலுக்குமேல் வைத்தால் அவுட்லுக் தடுமாறும் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. இந்த ஆபீசில் எல்லா மெயிலும் இன்பாக்ஸிலேயே இருக்கின்றன. தனியாக 'முக்கியம்' என்று ஒரு ஃபோல்டரும் உண்டு. அது காலி.

இயல் 6: அழித்தல் என்பது யாது?

ஆபீசின் இன்னொரு கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் இருக்கிறது. ஒப்பாய்வுக்கு இது போதும். தண்டர்பேர்ட் ஒரு ஃபோல்டரின் மெயில்களையெல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டே போகிறது. அதில் ஒன்றை டெலீட் செய்தால் அது போய்விடுவதில்லை. 'இது இல்லாததாகக் கொள்க' என்று ஓர் அடையாளம் மட்டும் விழுகிறது. 'காம்பாக்ட்' செய்தபிறகுதான் உண்மையாகவே போகிறது. அவுட்லுக்கிலும் அழித்த இடம் கோப்புக்குள்ளேயே வெற்றிடமாகக் கிடக்கும். கோப்பு உடனே சுருங்காது.

ஆக, அழிந்ததுபோல் தோன்றுகிறது, ஆனால் அழியவில்லை. இது மாயாவாதமா, உள்ளது ஒருபோதும் இல்லாமல் போகாது என்னும் சைவ சித்தாந்தமா? இக்கேள்வியை எதிர்க்கடை பெஞ்சில் முன்வைத்தபோது இரு தரப்பும் எழுந்தன (வாய்மொழி, பெஞ்சின் வடக்கு முனை, தகவலாளர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்). சங்கரநாராயணருக்குக் கோயில் எடுத்த வட்டாரம் என்பதால் இரண்டும் சரி என்று முடிவாயிற்று.

இயல் 7: கிளி லேபிள் பாடபேதங்கள்

ஆய்வின் இதயம் இந்த இயல். வாசகர் நிமிர்ந்து உட்காரவும்.

பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து சிவகாசியைச் சுற்றிலும் தீப்பெட்டி வளர்ந்தது. பெட்டி எங்கே செய்தாலும் லேபிள் சிவகாசி பிரஸ்ஸில் அடிப்பது வழக்கம். முன்பு ஆள் போய்ப் பார்த்து ஓகே சொல்லிவிட்டு வருவார். இப்போது மெயில்.

2021 டிசம்பர் 1 முதல் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாயாயிற்று. 2007இல் ஐம்பது காசு ஒரு ரூபாயான பிறகு வந்த முதல் விலையேற்றம் அது. கூடவே பெட்டிக்கு 36 குச்சி என்றிருந்தது 50 என்றாயிற்று. இந்த ஆபீசின் கிளிப் படம் போட்ட லேபிளில் இரண்டு எண்ணை மாற்றவேண்டும். அவ்வளவே.

அந்த இரண்டு எண்ணுக்காக இன்பாக்ஸில் கிடைக்கும் பிரதிகள்: 'கிளி ஃபைனல்', 'கிளி ஃபைனல் நியூ', 'கிளி ஃபைனல் நியூ கரெக்ட்', 'கிளி ஃபைனல் நியூ கரெக்ட் 2', 'கிளி பழசு ஆனா கரெக்ட்', 'கிளி ஓகே சார் இதையே அடிங்க'. இவை தவிர, 'கிளி' என்று மட்டும் பெயர்கொண்ட ஒரு பிரதி உண்டு. அதைத் திறந்தால் மயில் இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து, கிடைத்த பிரதிகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். நமக்கு அலைச்சல் இல்லை. பிரதிகள் எல்லாம் ஒரே கோப்பில் கிடந்து ஆபீசையே அலைக்கழிக்கின்றன. அவற்றை விலை மரபு, குச்சி மரபு என்று இரண்டாகப் பகுக்கலாம். விலை ஒன்று, குச்சி 36 என்பது மூலபாடம். விலை இரண்டு, குச்சி 50 என்பது திருந்திய பாடம். விலை இரண்டு, குச்சி 36 என்று ஒரு பிரதி நடுவில் வருகிறது. வியாபார நோக்கில் அதுவே சிறந்த பாடம் என்று முதலாளி கருதியதாகத் தெரிகிறது (காண்க: கம்ப்யூட்டர் மேசை, இரண்டாம் இழுப்பறை, ரப்பர் பேண்டு போட்ட கட்டில் மேலிருந்து ஏழாம் தாள், பின்பக்கம், பென்சில் குறிப்பு, பாதி அழிந்துவிட்டது, அழிந்த பாதியை ஆய்வாளரே நிரப்பியுள்ளார்).

கிளி நோக்கும் திசையும் பேதப்படுகிறது. பழைய பிரதிகளில் இடப்பக்கம் பார்க்கிறது. 'கரெக்ட் 2'இல் வலப்பக்கம். விலை ஏறியதைக் கண்டு கிளி முகத்தைத் திருப்பிக்கொண்டது என்பது கற்பனை நயமுடைய விளக்கம். டிசைனர் படத்தைத் தெரியாமல் புரட்டிவிட்டார் என்பது வறட்டு விளக்கம். நாம் முதலாவதை ஏற்கிறோம்.

ஆனால் பிரதிகள் பெருகியதற்கு முதற்காரணம் கிளி அன்று, ஒப்புதல் முறை. நேரில் கண்டதை எழுதுகிறேன். நிறம் சரியா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி பிரஸ்ஸிலிருந்து லேபிள் மெயிலில் வருகிறது. கணக்குப்பிள்ளை அதை ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுக்கிறார். பிரிண்டர் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறக் கிளியின் பக்கத்தில் முதலாளி 'கலர் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். முத்திரை விழுகிறது. தாள் ஸ்கேனரில் கொஞ்சம் கோணலாகப் போகிறது. உச்சத் தெளிவில் ஸ்கேன் ஆகி, 6 எம்பி கனத்தில் மெயிலில் ஏறுகிறது. மெயில் வழியில் இணைப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகும். மூன்று பைட்டு நான்கு எழுத்தாகும். ஆகவே 6 எம்பி வழியிலேயே 8 எம்பி ஆகிறது. அது பிரஸ்ஸுக்குப் போகிறது. நகல் முதலாளிக்கு, முதலாளி மகனுக்கு, ஆடிட்டருக்கு. ஆடிட்டருக்கும் கிளிக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது. அனுப்பிய பெட்டியில் இன்னொரு நகல் தங்குகிறது.

முதலாளி இதற்குப் பதில் அனுப்புகிறார். ரிப்ளை அழுத்தினால் இணைப்பு கூடப் போகாது. ஃபார்வர்டு அழுத்தினால் போகும். முதலாளி ஃபார்வர்டுதான் அழுத்துவார். கிளி முழு எடையோடு மறுபடி கிளம்புகிறது, மேலே 'ஓகே' என்ற ஒரே சொல்லுடன்.

ஒரு பிரதியில் கிளியின் வாலருகே வட்டமாக ஒரு கறை உண்டு. அது டீக்கறை. அந்தக் கறை எந்தெந்தப் பிரதிகளில் வருகிறது என்று பார்த்து, அவையெல்லாம் ஒரே தாளின் வழிவந்தவை என்று நிறுவலாம். சுவடியியலில் இதற்குச் சமமான சான்று கிடைப்பது அரிது (காண்க: ஸ்கேனர் கண்ணாடி, இடது மூலை, விரல் வைத்தால் இன்னும் பிசுபிசுக்கும் இடம், கண்ணாடியைத் துடைத்துவிட்டால் ஆதாரம் அழியும் என்பதால் ஆய்வு முடியும்வரை துடைக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம், அந்த வேண்டுகோள் தேவைப்படவில்லை).

இயல் 8: வால்

ஒவ்வொரு மெயிலின் அடியிலும் அதற்கு முன் வந்தவை அனைத்தும் தொங்குகின்றன. புதிய சரக்கு உச்சியில் ஒரு வரி. கீழே முன்னவர் எழுதியது முழுவதும், முன்னவரின் முன்னவரோடு சேர்த்து. தடித்த அட்டை போட்டுத் தங்க எழுத்தில் தலைப்பு அச்சிட்டுப் பல்கலைக்கழக நூலகங்களில் நிற்கும் சில நூல்களுக்கும் இதே உடலமைப்பு உண்டு. அங்கிருந்து மெயிலுக்கு வந்ததா, மெயிலிலிருந்து அங்கே போனதா என்று சொல்ல முடியவில்லை. ஒரு வேற்றுமை மட்டும் தெளிவு: மெயிலில் யார் எழுதியது என்று ஒவ்வொரு துண்டுக்கும் மேலே பெயர் இருக்கும்.

இயல் 9: 'சோறா கேக்கு' கோட்பாடு

முதலாளியிடம் கேட்டோம்: "அண்ணாச்சி, 2021 கிளியெல்லாம் எடுத்துரலாமா?"

"எதுக்கு தம்பி? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும். சோறா கேக்கு?"

இந்த ஒரு வாக்கியத்தில் இந்திய அலுவலகங்களின் ஆவணக் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. அண்ணாச்சியின் வாதத்தை மதித்தே மறுக்கவேண்டும். கேட்கிறது. தேடுவதற்காக விண்டோஸ் ஒவ்வொரு மெயிலையும் படித்து அகராதி போடுகிறது. ஆன்டிவைரஸ் கோப்பு மாறும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்க்கிறது. தண்டர்பேர்டில் இன்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பு என்பதால் ஒரு மெயில் வந்தாலும் மொத்தத்தையும் தடவும். சில சமயம் கோப்பையே பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முள் அங்குமிங்கும் ஓடி ஓடியே பொழுது போய்விடும். கணக்குப்பிள்ளையின் வினாவுக்கு இதுவே விடை: செத்ததும் இல்லை, தூங்குவதும் இல்லை. தின்றுகொண்டிருக்கிறது.

அண்ணாச்சி அசரவில்லை. "நாளைக்கு ஆபீசர் வந்து கேட்டா?"

இதுதான் வேர். பயம். அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்கச் சொல்கிறது. வழக்கு, மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளும். ஆனால் அது பில்லுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும்தான். கிளிக்கு இல்லை. வைத்திரு என்கிற சட்டம் இன்பாக்ஸிலேயே வைத்திரு என்றும் சொல்லவில்லை.

இயல் 10: செய்யவேண்டியவை

ஆய்வேட்டில் தீர்வு சொல்வது நாகரிகமில்லை. மேலாய்வுக்கு இடம் விடவேண்டும். இருந்தாலும் கணக்குப்பிள்ளைக்கு ராசிபலன் மனப்பாடமாகிவிட்டதால் சொல்லவேண்டியதாயிற்று.

எதைத் தொடுவதற்கு முன்னும் மெயில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். பிறகு மெயிலை அளவுவாரியாக அடுக்குங்கள். பெரியவை மேலே வரும். கிளிகள் தாமே வந்து உட்காரும். வேண்டிய இணைப்பை டிஸ்க்கில் சேமித்துக்கொண்டு மெயிலிலிருந்து நீக்குங்கள். பழைய மெயிலை ஆண்டுவாரியாகத் தனித்தனி ஆர்க்கைவ் கோப்புக்கு நகர்த்துங்கள். தேவைப்படும் அன்று மட்டும் திறந்தால் போதும். அந்தக் கோப்பை அதே கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் வையுங்கள். நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டரில் வைத்து அவுட்லுக்கால் திறப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை, கெட்டுப்போகும்.

கணக்கு மைக்ரோசாஃப்ட் 365இல் இருந்தால், எத்தனை மாத மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கவேண்டும் என்று அவுட்லுக்கில் ஒரு நகர்த்தி இருக்கிறது. 'எல்லாம்' என்பதை விட்டு ஓராண்டுக்கு இழுத்துவிடுங்கள். பழையது சர்வரில் பத்திரமாக இருக்கும். ஐமேப் கணக்காக இருந்தால் தண்டர்பேர்டிலும் இதற்கு வசதி உண்டு. இவ்வளவும் ஆனபின் காம்பாக்ட். தண்டர்பேர்டில் அது புதிதாக ஒரு நகல் எழுதிக்கொண்டுதான் பழையதை விடும் என்பதால் டிஸ்க்கில் இடம் வேண்டும். நிரம்பி வழியும் டிஸ்க்கில் அதைத் தொடங்காதீர்கள். தேடல் அகராதி மறுபடி எழுதப்பட நேரமாகும். சனிக்கிழமை மாலை ஓடவிட்டுக் கடையைச் சாத்திவிடலாம்.

அவுட்லுக்கோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆட்-இன்களில் யாருக்கும் தெரியாதவற்றை அணைத்துவிடுங்கள். எல்லாம் செய்தும் வட்டம் சுற்றினால் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இயல் 2 முதல் 9 வரை எழுதியிருக்க முடியாது.

பிரஸ்ஸுக்கும் ஆபீசுக்கும் நடுவே லேபிளை இணைப்பாக அனுப்புவதை நிறுத்தி, இணைய இடத்தில் ஒரே ஒரு கிளியை வைத்து லிங்க் அனுப்பலாம் என்று கடைசியாக ஒரு யோசனை சொன்னோம். முதலாளி ஏற்றுக்கொண்டார். லிங்க்கை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

இக்கட்டுரையைப் பன்னாட்டு ஆய்விதழ் எதுவும் தாராளமாக வெளியிட்டுக்கொள்ளலாம். கட்டணம் மட்டும் கேட்கவேண்டாம். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிடித்திருந்தால் நண்பர்களுக்கு வாயால் சொல்லுங்கள். ஸ்கேன் செய்து எல்லாருக்கும் ஃபார்வர்டு போடாதீர்கள். முக்கியமாக, ஆடிட்டருக்கு வேண்டாம்.